நல்ல மாடு வெளியூருக்கும் போகும்

2025 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. நியூஜெர்சி ஐசலினின் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றோம். அண்ணாச்சியின் போன் அதிர்ந்தது. எங்கள் பக்கத்து அமெரிக்கக் கால்பந்து அணியான ஜெட்ஸ், சாஸ் கார்டனரை இண்டியானபொலிஸுக்குக் கொடுத்துவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அதிர்வு. குவின்னன் வில்லியம்ஸ் டல்லஸுக்கு. அண்ணாச்சி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

“நல்ல மாடுன்னா உள்ளூர்லயே விலை போயிருக்கும்லாடே. ஆளுகிட்ட ஏதோ கோளாறு இருக்கு.”

அவர் ஒருவர் மட்டும் சொல்வதாக இருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மெட்ரோபார்க்கில் காலை ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டு பேஸ்மென்ட்டில் சிப்ஸ் பொட்டலத்தோடு உட்காருபவர்கள், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுப் பார்க்கிங்கில் நிற்பவர்கள் எல்லோருக்கும் இதே எண்ணம்தான். இளம் ஆட்டக்காரன் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ வேறோர் அணிக்கு ட்ரேட் செய்யப்பட்டால் காரணம் மூன்றில் ஒன்று என்கிறார்கள். சரக்கு இல்லை, அல்லது திமிர், அல்லது பணத்தாசை. எப்படிப் பார்த்தாலும் குற்றம் மாட்டின் மேல். சந்தையை யாரும் பார்ப்பதில்லை.

அண்ணாச்சி சொன்ன அந்தப் பழமொழிக்கு அது பிறந்த ஊரில் ஒரு நியாயம் உண்டு. பக்கத்து வீட்டு மாடு எவ்வளவு கறக்கும், யாரை முட்டும் என்பது ஊருக்கே தெரியும். நல்லதாக இருந்தால் ஊர்க்காரனே வாங்கியிருப்பான். சந்தை வரைக்கும் ஓட்டி வந்திருக்கிறார்கள் என்றால் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மாட்டுக்கு இன்ன விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஒரு வீட்டின் மொத்தத் தொழுவச் செலவு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்தால்? அப்போது முதலில் வெளியூருக்குப் போவது எந்த மாடு? சவலைக் கன்றா, கறவை மாடா?

அமெரிக்கக் கால்பந்தில் அப்படியொரு ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தீர்ப்பும் செல்லாது.

முதலில் விலையைப் பார்ப்போம். கார்டனருக்கு இண்டியானபொலிஸ் கொடுத்தது 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வு உரிமை, கூடவே அடோனாய் மிட்செல் என்ற இளைஞர். இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. ஆண்டுதோறும் ஏப்ரலில் 32 அணிகளும் வரிசையாக நின்று கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கின்றன, ஏழு சுற்று. அந்த வரிசையில் முதல் சுற்று இடம் என்பது அணியிடம் இருக்கும் சொத்துகளிலேயே கனமானது. அதில் இரண்டைத் தூக்கிக் கொடுத்து ஓர் ஆளை வாங்குகிறார்கள். கோளாறான மாட்டுக்கா இந்த விலை? 2022இல் நான்காவது ஆளாகத் தேர்வானவர், முதல் ஆண்டிலேயே தடுப்பாட்டத்தின் சிறந்த புதுமுகம், 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் முதல் தர அணியில் இடம். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவனின் நிழலாக ஒட்டிக்கொண்டு ஓடுவது அவர் வேலை. அந்த வேலையில் அவரைப் போல் ஓடுபவர்கள் கைவிரலில் அடங்குவார்கள்.

சரக்கு இல்லாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நவம்பரை விட்டுவிட்டு ஆகஸ்டு கடைசிக்குப் போக வேண்டும். பயிற்சி முகாமில் 90 பேரை வைத்திருக்கும் ஒவ்வோர் அணியும் சீசன் தொடங்கும் முன் 53ஆகக் குறைக்கிறது. அணிக்கு 37 பேர், 32 அணிகள், கூட்டிப் பாருங்கள், ஆயிரத்து நூற்றுக்கு மேல். இவர்களில் மிகப் பெரும்பாலோரை யாரும் ட்ரேட் செய்வதில்லை. சாமானைக் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ட்ரேட் என்பதற்கு இரண்டு பக்கமும் விலை ஒத்துப்போக வேண்டும். விலையே இல்லாதவனை விற்க முடியாது. இளம் வயதில் ட்ரேட் ஆனவனைப் பார்த்து ‘சரக்கு இல்லை’ என்பவர், வாங்குகிற இன்னோர் அணியின் மேலாளரையும் சேர்த்து முட்டாள் ஆக்குகிறார். ஊதியமே அதற்காக வாங்கும் மனிதர் அவர்.

இனி அந்த ஊர்க்கட்டுப்பாடு. அது எங்கள் பக்கத்தில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. ஃப்ரீமன் மெக்நீல் ஜெட்ஸின் ஓட்டக்காரர், 1981 முதல் 1992 வரை ஆடியவர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனை அணியோடு கட்டிப்போட்டு வைத்திருந்த விதிகளை எதிர்த்து அவரும் இன்னும் ஏழு பேரும் வழக்குப் போட்டார்கள். 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் ஜூரி அந்த விதிகள் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதன் விளைவாக 1993இல் ஒப்பந்தம் முடிந்தவர்கள் விருப்பப்பட்ட அணிக்குப் போகும் சுதந்திரம் வந்தது. ஆனால் உடைமையாளர்கள் சும்மா கொடுத்துவிடுவார்களா? 1994இல் சம்பள உச்சவரம்பு வந்தது. அன்றைக்கு ஓர் அணிக்கு 34.6 மில்லியன் டாலர்; 2025இல் 279.2 மில்லியன். எவ்வளவு பணக்கார உடைமையாளராக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அந்தத் தொகைக்குள் 53 பேருக்கும் படியளக்க வேண்டும்.

இரண்டாவது முடிச்சு 2011இல் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டு ஆறு ஆண்டுக்கு 78 மில்லியன் டாலர், அதில் 50 மில்லியன் உத்தரவாதம் என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 22 மில்லியன். நடுவில் ஒரே ஒரு தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. அன்றிலிருந்து புதுமுகங்களுக்குச் சம்பளம் தேர்வான வரிசைப்படி அச்சடித்து வைத்தது போல் இருக்கிறது. பேரம் பேச இடமில்லை. நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்றில் வந்தவனாக இருந்தால் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் உண்டு. மூன்று சீசன் முடியும் வரை சம்பளத்தைத் திருத்தி எழுதவே கூடாது. முதல் ஆண்டிலேயே லீக்கில் தலைசிறந்தவன் என்று நிரூபித்தாலும் மூன்று ஆண்டு வாயை மூடிக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

இந்த இரண்டு முடிச்சையும் சேர்த்துப் பாருங்கள். திறமைசாலியான இளைஞன் முதல் மூன்று ஆண்டு அடிமாட்டு விலைக்கு உழைக்கிறான். அந்த மலிவில்தான் அணி மற்ற இடங்களுக்குப் பெரிய ஆட்களை வாங்குகிறது. நான்காம் ஆண்டை நெருங்கும்போது கணக்கு தலைகீழாகிறது. கார்டனரின் புதுமுக ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 33.5 மில்லியன். 2025 ஜூலையில் போட்ட நீட்டிப்பு நான்கு ஆண்டுக்கு 120.4 மில்லியன். ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஒரே ஆள், ஒரே ஓட்டம். விலை மட்டும் ஏறிவிட்டது. இப்போது அணி ஒரு கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்: இவனுக்கு இவ்வளவு கொடுத்து நாம் எப்போது ஜெயிக்கப் போகிறோம்?

அன்றைக்கு ஜெட்ஸ் எட்டு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் என்ற இறுதிக்கட்ட ஆட்டங்கள் பக்கம் போனதில்லை. அணியைக் கட்டி எழுப்ப மூன்று, நான்கு ஆண்டாகும் என்றால் அதற்குள் 25 வயதுக் கார்டனர் 29ஐத் தொட்டிருப்பார். கால் வேகத்தை நம்பியிருக்கும் வேலை அது. இண்டியானபொலிஸோ அப்போது ஒன்பதில் ஏழு ஜெயித்து நின்றது. அவர்களுக்கு இப்போது வேண்டும். இவர்களுக்குப் பின்னால் வேண்டும். மாடு கை மாறியது அதனால்தான். (வாங்கியவர் கதை வேறு. சீசன் முடிவில் 8 வெற்றி, 9 தோல்வியோடு இண்டியானபொலிஸும் வீட்டுக்குத்தான் போனது. அதற்குக் கார்டனர் என்ன செய்வார்?)

ஆளிடம் கோளாறு என்கிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. ஜூலையில் 120.4 மில்லியனுக்குக் கையெழுத்து வாங்கிய அதே நிர்வாகம்தான் நவம்பரில் விற்றது. நடுவில் நான்கு மாதம்கூட இல்லை. அதற்குள் அந்தப் பையனின் குணம் கெட்டுவிட்டதா? மாறியது அட்டவணை. எங்கள் பக்கத்து இன்னோர் அணியான ஜெயன்ட்ஸ் செய்ததும் இதுதான். 2018 ஆகஸ்டில் ஓடெல் பெக்கமுக்கு ஐந்து ஆண்டு நீட்டிப்பு. 2019 மார்ச்சில் கிளீவ்லண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த தேர்வுகளில் ஒன்றை, பதினேழாவது இடத்தை, வைத்து டெக்ஸ்டர் லாரன்ஸை எடுத்தார்கள். அவர் பின்னாளில் அந்த அணியின் நடுத்தூண் ஆனார். இன்றைக்குப் பெக்கமின் தலைமுடியையும் அவர் ஆடிய ஆட்டத்தையும் பற்றித்தான் எங்கள் பேஸ்மென்ட்டில் பேச்சு. 2019 மார்ச்சில் மேலாளர் முன்னால் இருந்த கணக்குத் தாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திமிர் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதுதான் நம்மவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. ‘வாய் அதிகம், அதான் தள்ளிவிட்டான்.’

ஜெயன்ட்ஸ் ரசிகர்கள் கையெடுத்துக் கும்பிடும் ஈலை மேனிங் எப்படி வந்தார்? 2004 ஏப்ரலில் சான் டியகோ அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஆட மாட்டேன் என்று குடும்பமே முன்கூட்டிச் சொல்லியிருந்தது. அன்றைக்கே அவரை ஜெயன்ட்ஸுக்கு ட்ரேட் செய்தார்கள். பதிலுக்குப் போனது நான்காவது ஆளாகத் தேர்வான பிலிப் ரிவர்ஸும் இன்னும் சில தேர்வு உரிமைகளும். ஒரு நாள்கூட ஆடாமல் கை மாறியவர்! இதைவிட ‘ஆரம்பத்திலேயே’ யாரையாவது ட்ரேட் செய்ய முடியுமா? இதைவிடப் பெரிய திமிரும் உண்டா? சான் டியகோவில் அவரை வசைபாடினார்கள். இங்கே அவர் லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலை இரண்டு முறை வாங்கிக் கொடுத்தார். 10ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டுச் சுவரில் அந்த எண் போட்ட ஜெர்சி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. நம் பக்கம் வந்தால் உறுதி, நம்மை விட்டுப் போனால் திமிர்.

இன்னொரு கதை ஜெட்ஸ் ரசிகர்களின் வயிற்றெரிச்சல். 1991இல் பிரெட் ஃபாவ் என்ற பையன் மேல் ஜெட்ஸின் ரான் உல்ஃப் கண் வைத்திருந்தார். ஜெட்ஸின் முறை 34வது. 33வது இடத்தில் அட்லாண்டா தூக்கிவிட்டது. அங்கே அவர் அந்த சீசனில் எறிந்தது நான்கே பந்து. ஒன்றுகூடத் தன் ஆள் கையில் விழவில்லை, இரண்டு எதிராளி கையில். குடி, கூத்து என்று பேரும் கெட்டது. உல்ஃப் அதற்குள் கிரீன் பே அணிக்கு மேலாளராகப் போயிருந்தார். 1992 பிப்ரவரியில் ஒரு முதல் சுற்று இடத்தைக் கொடுத்து ஃபாவை வாங்கினார். 1995, 1996, 1997 மூன்று ஆண்டும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஃபாவுக்கு. நடுவில் ஒரு சூப்பர் பவுல். அட்லாண்டா சொன்ன ஒழுக்கக் குறை பொய்யல்ல. அந்த ஆள் குடித்தார்தான். ஆனால் அதே குடிகாரனைக் கிரீன் பே வாங்கியதே? குறை ஆளோடு கூடவே போனது; ஆனால் அணி மாறியதும் அது அவரைத் தள்ளிவிடக் காரணமாக நிற்கவில்லை.

ஒரு பேச்சுக்கு இதையும் ஒத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே ஆள் சரியில்லாமல் கை மாறும் இளைஞர்களும் உண்டு. 2021இல் முதல் சுற்றில் ஜெயன்ட்ஸ் எடுத்த கடேரியஸ் டோனி அடிக்கடி அடிபட்டார், ஒட்டவில்லை. இரண்டாம் ஆண்டே, 2022 அக்டோபரில், கான்சஸ் சிட்டிக்குக் கொடுத்தார்கள். அங்கே போய்ச் சில மாதத்தில் சூப்பர் பவுல் வரலாற்றிலேயே நீளமான பன்ட் ஓட்டத்தை (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது), 65 கெஜம், ஓடினார். பிறகு சரிந்தார். ஆனால் அவருக்கு வந்த விலையைக் கவனியுங்கள்: ஒரு மூன்றாம் சுற்று, ஓர் ஆறாம் சுற்று. சந்தைக்குத் தெரிந்திருந்தது. கார்டனருக்குப் பதிலாக வந்த மிட்செலும் இரண்டாம் ஆண்டுக்காரர்தான். அந்த சீசனில் எல்லைக்கோட்டைத் தொடும் முன்பே பந்தை நழுவவிட்டு நாடு முழுக்கச் சிரிக்க வைத்தவர். அவரை இரண்டு முதல் சுற்றுக்கு மேல் போட்ட கொசுறாகத்தான் சேர்த்தார்கள். ஆக, கோளாறான மாடு எது, கறவை மாடு எது என்பதை ட்ரேட் ஆனதை வைத்துச் சொல்ல முடியாது. துண்டுக்கு அடியில் எத்தனை விரல் பிடித்தார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைப் பார்க்கும் பொறுமை நம்மிடம் இல்லை.

ஆனால் எனக்கு அதிகம் வலிப்பது இன்னொரு வகை. கோளாறு தொழுவத்தில் இருக்க, மாட்டைக் குறை சொல்லும் வகை.

சாம் டார்னல்ட். 2018இல் மூன்றாவது ஆளாக ஜெட்ஸ் எடுத்தது. அப்போது வயது 20. மூன்று சீசனில் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள். அவர் முன்னால் நின்று காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை. அவர் எறிந்ததைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதி நாள் அடிபட்டுக் கிடந்தார்கள். 2020இல் அணி இரண்டு ஆட்டம் ஜெயித்து பதினான்கு தோற்றது. 2021 ஏப்ரலில், 23 வயதில், கரோலைனாவுக்கு விற்றார்கள். விலை ஓர் ஆறாம் சுற்று, ஓர் இரண்டாம் சுற்று, ஒரு நான்காம் சுற்று. அந்த இடத்துக்கு இரண்டாவது ஆளாக ஜாக் வில்சன் வந்தார். மூன்று ஆண்டில் அவரையும் அனுப்பியாயிற்று. அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருவரும் டார்னல்டுக்காகப் பேசவில்லை, நான் உட்பட. ‘பையனுக்கு நெஞ்சுரம் போதாது’ என்று நானும் சொல்லியிருக்கிறேன். கரோலைனாவிலும் சரிப்படவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓராண்டு மாற்று ஆளாக உட்கார்ந்தார். 2024இல் மினசோட்டாவை 14 வெற்றிக்குக் கொண்டுபோனார். 2026 பிப்ரவரியில் சாண்டா கிளாராவில் சியாட்டில் சூப்பர் பவுல் வாங்கியபோது பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இடத்தில் நின்றவர் அவர்தான். அன்று இரவு எங்கள் பேஸ்மென்ட்டில் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், “இங்கேயே இருந்திருந்தா இப்படி ஆயிருக்க மாட்டான்” என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன். இங்கேயே இருந்திருந்தால் ஆகியிருக்க மாட்டார்.

பணத்தாசை என்று சொல்பவர்களுக்கு மைக்கா பார்சன்ஸ். டல்லஸில் நான்கு சீசன். எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்ப்பதில் எந்த ஆண்டும் 12க்குக் குறைந்ததில்லை. அந்த நான்கு ஆண்டுக்கும் சேர்த்து வாங்கியது 17 மில்லியன் டாலர் அளவில். 2025இல் சந்தை விலையைக் கேட்டார், டல்லஸ் இழுத்தடித்தது, ஆகஸ்டு கடைசியில் இரண்டு முதல் சுற்றுக்கும் ஓர் அனுபவசாலிக்கும் கிரீன் பேயிடம் கை மாற்றியது. கிரீன் பே நான்கு ஆண்டுக்கு 188 மில்லியன் எழுதிக் கொடுத்தது. ‘இவனுக்கு எவ்வளவுதான் வேணுமாம்?’ என்றார்கள் நம்மவர்கள். டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் அத்தோடு முடிந்தது. சராசரி ஆட்டக்காரனின் ஆயுள் 3.3 ஆண்டு என்கிறது அவர்களுடைய சங்கம். புதுமுக ஒப்பந்தமோ நான்கு ஆண்டு. அதாவது பலர் விலை பேசும் நாளையே பார்க்காமல் போகிறார்கள். முழங்காலை முதலாகப் போட்டுத் தொழில் செய்பவன் முழங்கால் இருக்கும்போதே விலை கேட்பது பேராசையா? நம்மில் ஒருவர் பில்லிங் ரேட் உயர்ந்தும் சம்பளம் உயரவில்லை என்று வேலை மாறினால் அதற்கு என்ன பெயர் வைக்கிறோம்? விருந்து வைக்கிறோம்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று. 2000களின் தொடக்கத்தில், இந்த ஊருக்கு வந்த புதிதில், என்னை வேலைக்கு வைத்திருந்த கன்சல்டிங் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டது. திங்கட்கிழமை டெக்சாஸில் இன்னொரு கிளையன்ட். இங்கே நான் செய்த வேலையில் யாருக்கும் குறை இல்லை. அங்கே மணிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். என்னிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. விசா அவர்கள் கையில். நான் இரண்டு பெட்டியோடு நெவார்க்கில் விமானம் ஏறினேன். மூன்று மாதம் கழித்து ஒரு பொங்கல் பாட்லக்கிற்கு வந்தபோது ஓர் அக்கா கேட்டார்: “அங்க ஏதோ பிரச்சினைன்னு சொன்னாங்களே தம்பி, சரியாயிருச்சா?” என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. விலை கூடியதால் அனுப்பப்பட்டவனைச் சுற்றி அதற்குள் ஒரு குற்றம் பின்னப்பட்டிருந்தது. அண்ணாச்சி அந்தப் பொங்கலில் இருந்தார். அவரும் அதே பாதையில் வந்தவர்தான். கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூஜெர்சி என்று மூன்று மாநிலம். அதனால்தான் அவர் வாயில் அந்தப் பழமொழி எனக்கு ஒட்டவில்லை.

இன்னொரு விந்தை. வட்டப் பந்து, அதாவது சாக்கர் என்றால் இதே நம்மவர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். பக்கத்தில் ஹாரிசனில் மைதானம் வைத்திருக்கும் ரெட் புல்ஸ் அணி 2008இல், லிவிங்ஸ்டனில் பிறந்த ஜோஸி ஆல்டிடோரை 18 வயதில் ஸ்பெயினின் வியாரியாலுக்கு விற்றது. 2019இல் டைலர் ஆடம்ஸை 19 வயதில் ஜெர்மனிக்கு. அப்போது யாராவது ‘கோளாறு’ என்றார்களா? ‘பார், ஸ்பெயின்காரன் வாங்கிட்டான்’ என்று பெருமை. அங்கே பையன் சம்மதித்துத்தான் போக முடியும், பெருமைக்கு அதுவும் ஒரு காரணம். இங்கே சம்மதம் கேட்கவே மாட்டார்கள். ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கிய ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்குத் தகவல் மட்டும்தான். சம்மதம் கேட்காமல் அனுப்பப்பட்டவனுக்குப் பழி, கேட்டு அனுப்பப்பட்டவனுக்குப் பாராட்டு.

கிரிக்கெட்டில் கேட்கவே வேண்டாம். கார்டனர் போன பதினோராவது நாள் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. அன்றைக்கு அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் ஜடேஜாவிடம் கோளாறு என்று ஒரு வார்த்தை வரவில்லை. “டீமை அடுத்த அஞ்சு வருஷத்துக்குக் கட்டணும்லாடே” என்று எனக்கே பாடம் எடுத்தார். சரியான பாடம். பதினொரு நாளுக்கு முன்னால் அதே பாடத்தை ஏன் எடுக்கவில்லை? மஞ்சள் சட்டை நம்முடையது. அந்த நிர்வாகத்தின் கணக்கை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். ஜெட்ஸின் பச்சைச் சட்டை நாம் குடிவந்த ஊருடையது; வாசலில் நின்று பார்க்கிறோம். வாசலில் நிற்பவனுக்கு உள்ளே நடப்பது எல்லாமே யாரோ ஒருவருடைய குணக்கேடாகத்தான் தெரியும்.

இந்த எண்ணத்தை வளர்த்துவிடுவதில் அணிகளுக்கும் லாபம் உண்டு. இருக்கையை வாங்கும் உரிமைக்கே தனியாகப் பணம் கட்டிய ரசிகனிடம், ‘எங்களுக்கு அடுத்த மூன்று ஆண்டு ஜெயிக்கும் உத்தேசம் இல்லை, அதனால் உன் பிள்ளை சட்டையில் எழுதியிருக்கும் பெயரை விற்றுவிட்டோம்’ என்று யார் சொல்வார்கள்? ‘அணியின் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை’ என்று பெயர் சொல்லாத ஒருவர் நிருபரின் காதில் போட்டால் வேலை முடிந்தது. ரசிகனுக்கும் அது வசதி. அணியை அவனால் ட்ரேட் செய்ய முடியாது. ஆட்டக்காரனை வெறுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் போகும்.

விற்பவன் எப்போதும் புத்திசாலி என்றும் நான் சொல்லவில்லை. 2020 ஜூலையில் ஜமால் ஆடம்ஸை இரண்டு முதல் சுற்றுக்கு சியாட்டிலிடம் விற்றது ஜெட்ஸ். வந்த இடங்களில் ஒன்றில்தான் காரெட் வில்சனை எடுத்தார்கள். ஆடம்ஸ் முதல் ஆண்டு கலக்கினார், பிறகு காயத்தில் கரைந்தார். விற்றவன் ஜெயித்த வியாபாரம். ஆனாலும் ஜெட்ஸ் ஜெயிக்கவில்லை! நல்ல விலைக்கு விற்று, வந்த காசில் நல்ல கன்று வாங்கி, அதை வளர்த்து, மறுபடியும் நல்ல விலைக்கு விற்று... தொழுவத்தில் பால் மட்டும் இல்லை. இந்தப் பழக்கத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். திட்ட வேண்டிய கதவு, ஜெட்ஸ் மைதானத்தின் கதவு, ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருக்கிறது. மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி செகாகஸில் மாறினால் ஆட்ட நாளில் வாசலிலேயே இறக்கிவிடுவான்.

எதிர்வீட்டுப் பையனுக்குப் பதினோரு வயது. பச்சைச் சட்டை, முதுகில் 1, மேலே கார்டனர். நவம்பருக்குப் பிறகு அதைப் போடலாமா வேண்டாமா என்று அவனுக்குக் குழப்பம். அவன் அப்பா, “அவன் போயிட்டான்டா, வேற வாங்கித் தரேன்” என்றிருக்கிறார். யார் பெயர் போட்டு வாங்குவது என்று என்னிடம் கேட்க வந்தான். இண்டியானபொலிஸ் கொடுத்த 2027ஆம் ஆண்டு இடத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். அந்த இடத்தில் வரப்போகிறவன் இப்போது ஏதோ ஒரு கல்லூரியில் படிக்கிறான், அவன் பெயர் யாருக்கும் தெரியாது என்றேன். பையன் கொஞ்சம் யோசித்தான்.

“அவனுக்குத் தெரியுமா அங்கிள், அவனைக் கொடுத்துத்தான் இவரை வாங்கினாங்கன்னு?”